நூறு வயசு இருன்னு வாழ்த்தினா போதுமா?



ஒருத்தரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் வாசலில் வந்து நின்றால் "உனக்கு ஆயுசு நூறு" என்று சொல்லிச் சிரிப்போம். காலில் விழும் பிள்ளைகளையும் நூறு வயசு இருக்கணும் என்றுதான் வாழ்த்துகிறோம். ஆனால் நிஜமாகவே ஒரு ஆயா தொண்ணூறைத் தொட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் என்ன பேசுகிறோம்? "எமன் இந்த வீட்டு விலாசத்தை மறந்துட்டான்" என்கிறோம். ஆயாவே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். நாமும் சிரிக்கிறோம்.

இதை எழுதக் காரணம் திருவொற்றியூரில் ஒரு குழுக் கூட்டத்தில் நடந்த பேச்சு. உறுப்பினர் ஒருத்தரின் மாமியார் காலமாகிவிட்டார். வயது தொண்ணூறு இருக்கும் என்றார்கள். கல்யாணச் சாவு. பூப்பல்லக்கு, மேளம், பட்டாசு, தெருவை அடைத்து ஃப்ளெக்ஸ், பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடித்து அனுப்பி வைத்தார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு உள்கடன் 30,000 ரூபாய் வேண்டும் என்று அந்த உறுப்பினர் கேட்டார். குழுவும் மறுக்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது பிரதிநிதி ஒருத்தர் மெதுவாகக் கேட்டார்: "ஏன்க்கா, ரெண்டு வருஷமா ஆயாவுக்கு கண்ணு தெரியலன்னு சொல்லிக்கிட்டே இருந்தீங்களே, அதுக்கு ஒரு தடவையாவது கடன் கேட்டீங்களா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த அக்காவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாமியாரை அவர் நன்றாகத்தான் வைத்திருந்தார். பின்னால் அவரே சொன்னார்: "எங்க வீட்டுல எல்லாருக்கும் ஆயுசு கெட்டி. அவங்க மாமியாரும் அப்படித்தான், தொண்ணூத்தஞ்சு வரைக்கும் இருந்தாங்க. அதனால ஒண்ணும் ஆவாதுன்னு இருந்துட்டேன். ஆபரேஷன் பண்ணி இனிமே எதைப் பாக்கப் போறாங்கன்னும் நினைச்சுட்டேன்."

இந்த இரண்டு வார்த்தைகள்தான் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தன. "ஆயுசு கெட்டி" என்பது ஒன்று. "இனிமே எதைப் பாக்கப் போறாங்க" என்பது இன்னொன்று. நம் மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கத்துக் குழுக்களிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆகவே இந்த மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எம்டன் குண்டு போட்ட வருஷம்

முதலில், வயசு எப்படித் தெரியும்? நம் ஆயாக்களுக்குப் பிறந்த தேதி கிடையாது, நடந்த சம்பவம்தான் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் குண்டு போட்டது. எண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. அதன் பிறகு ராயபுரம், காசிமேடு பக்கத்தில் "எம்டன் வந்த வருஷம் பொறந்தவன்" என்று சொல்லும் வழக்கம் வந்தது. பயங்கரமான ஆளுக்கு "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோமே, அது இந்தக் கப்பல்தான். பிறகு 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையே காலியானது. 1943 அக்டோபரில் நிஜமாகவே ஒரு ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுவிட்டும் போனது.

காலமான அந்த மாமியாரும் இப்படித்தான் சொல்வாராம். "ஊரே காலி பண்ணப்போ எனக்கு அஞ்சு வயசு, மாட்டு வண்டியில பொன்னேரிக்குப் போனோம்" என்று. அந்தக் கணக்கில் அவர் பிறந்தது 1937 வாக்கில். அப்படியானால் தொண்ணூறு ஆகவில்லை, அதை நெருங்கிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் அதைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. முகத்தைப் பார்த்து எழுதுபவர் போட்டதுதான் வயது. அந்தப் பன்னிரண்டு வருஷத்தால் என்ன ஆனது தெரியுமா? முதியோர் உதவித் தொகைக்கு மனு போட்டபோது "இன்னும் 60 ஆகலையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீன் கூடை தூக்கின உடம்பு, நிமிர்ந்து நடந்ததால் யாரும் நம்பவில்லை. பன்னிரண்டு வருஷப் பென்ஷன் போனது போனதுதான்.

வயது சரியாக இல்லையென்றால் எதிர்ப்பக்கமும் தப்பு நடக்கும். 2010இல் ஜப்பான் நாட்டில் டோக்கியோவில், 111 வயது என்று பதிவில் இருந்த ஒரு தாத்தாவை வாழ்த்த அதிகாரிகள் போனார்கள். அவர் இறந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது! வீட்டார் பென்ஷனை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு நாடு முழுக்கத் தேடியபோது பதிவில் மட்டும் உயிரோடு இருந்த நிறையப் பேர் வெளியே வந்தார்கள். ஆகவே எந்த ஊரிலாவது "இங்கே எல்லாரும் 120 வயசு" என்று கேள்விப்பட்டால், முதலில் பிறப்புப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சரியான சான்றுகளோடு உலகத்திலேயே அதிக காலம் வாழ்ந்தவர் என்று எழுதப்பட்டவர் பிரான்சு நாட்டின் ழான் கால்மெண்ட் என்ற அம்மா. 1875இல் பிறந்து 1997இல் இறந்தார். 122 வயது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், சுவாரசியமான கதை ஒன்று இருக்கிறது.

ஒன்று மட்டும் இப்போதே செய்யலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதாரை எடுத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு ஜனவரி 1ஆம் தேதி என்று குத்துமதிப்பாகப் போட்டிருக்கும். ஆதாரில் பிறந்த தேதியை ஒரு தடவைதான் திருத்த விடுவார்கள், அதற்கும் சான்று வேண்டும். அவசரப்பட்டு எதையாவது கொடுத்துத் திருத்திவிட்டால் மறுபடி கஷ்டம்.

ரத்தத்தில் வருவதா?

சரி, "எங்க வம்சத்துக்கே ஆயுசு கெட்டி" என்பது உண்மையா? கொஞ்சம் உண்மை, நிறைய நம்பிக்கை.

டென்மார்க் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுகள் நூற்றுக்கணக்கான வருஷமாகப் பத்திரமாக இருக்கின்றன. 1870 முதல் 1900 வரை பிறந்த இரட்டையர்கள் 2,872 ஜோடியை எடுத்து, எத்தனை வயதில் இறந்தார்கள் என்று பார்த்தார்கள். 1996இல் வந்த முடிவு என்னவென்றால், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஆயுசில் இருக்கும் வித்தியாசத்தில் கால் பங்குதான் பிறவியில் வருவது. மீதி முக்கால் பங்கு சாப்பாடு, வேலை, காற்று, தண்ணீர், மருத்துவம், அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. 2018இல் கோடிக்கணக்கானவர்களின் வம்சாவளியை வைத்து அமெரிக்காவில் பார்த்தபோது அந்தக் கால் பங்கும் அதிகம், பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்றார்கள். ஏன் என்றால் ஒரே மாதிரி வசதி, ஒரே மாதிரி பழக்கம் உள்ளவர்கள்தான் ஒருத்தரை ஒருத்தர் கல்யாணம் செய்கிறார்கள். அது ரத்தம் மாதிரித் தெரிகிறது, ஆனால் ரத்தம் இல்லை. விஞ்ஞானிகள் இன்னும் இந்தக் கணக்கில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆனால் நூறைத் தொடுபவர்கள் விஷயம் வேறு. நூறு வயதைக் கண்டவர்களின் கூடப் பிறந்தவர்களை 2002இல் அமெரிக்காவில் கணக்குப் பார்த்தார்கள். மற்றவர்களைவிட அந்தச் சகோதரிகள் நூறைத் தொடும் வாய்ப்பு எட்டு மடங்கு, சகோதரர்களுக்குப் பதினேழு மடங்கு என்று வந்தது. மடங்கு பெரிதாகத் தெரிகிறது, ஆனால் நூறைத் தொடுபவர்களே அபூர்வம். அதில் பதினேழு மடங்கு என்றாலும் அபூர்வம்தான். எண்பது வரைக்கும் போக நம் பழக்க வழக்கம் போதும், அதைத் தாண்டி நூறுக்குப் போக வம்சமும் கை கொடுக்க வேண்டும் என்று நாம் புரிந்துகொள்ளலாம்.

நம் தமிழ்நாட்டிலேயே இரண்டு பேரைப் பாருங்கள். கோயம்புத்தூர் நானம்மாள் பாட்டி 1920இல் பொள்ளாச்சி பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அப்பாவிடம் யோகாசனம் கற்றுக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். 2019 அக்டோபரில் 99 வயதில் காலமானார். அதற்குக் கொஞ்ச காலம் முன்பு வரை ஆசனம் போட்டுச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள், பேரன் பேத்திகள், கொள்ளுப் பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தில் முப்பது பேருக்கு மேல் யோகா சொல்லிக்கொடுப்பவர்கள். அது ரத்தமா, பழக்கமா? அப்பா பொண்ணுக்குக் கொடுத்தது இரண்டும்தான். ஆனால் விடியற்காலையில் எழுப்பிவிட்டுக் கற்றுக்கொடுத்தது ரத்தம் இல்லை.

இன்னொருத்தர் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி. எம்டன் குண்டு போட்ட அதே 1914இல் பிறந்தவர். அம்மா அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ஆயுசு கெட்டியான பெற்றோர் என்று சொல்ல முடியாது, பாருங்கள். மளிகைக் கடை வைத்தார், சாப்பாட்டுக் கடை வைத்தார், சேர்த்த காசில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். காரமடை ஊராட்சி ஒன்றியத்தில் கவுன்சிலர் ஆனார். வயதானதும் நிலத்தைக் குறைத்து இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டு தானே வயலில் இறங்கினார். 2021இல் பத்மஸ்ரீ. 2024 செப்டம்பர் 27ஆம் தேதி காலமானபோது 109 வயது என்று பத்திரிகைகள் எழுதின.

ஜப்பானில் ஒக்கினாவா என்று ஒரு தீவு, நீண்ட ஆயுளுக்குப் பேர் போனது. அங்கேயும் ஆம்பிளைகளின் ஆயுசுக் கணக்கு 2000ஆம் வருஷம் ஜப்பானின் 47 மாநிலங்களில் 26ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. ரத்தம் மாறவில்லை. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் காய்கறியும் போய், கடையில் விற்கும் இறைச்சியும் எண்ணெய்ப் பண்டமும் வந்தன. கூழும் மீனும் சாப்பிட்ட ஆயாவின் பேத்தி பரோட்டாவும் கலர் தண்ணீரும் சாப்பிட்டுவிட்டு "எங்களுக்கு ஆயுசு கெட்டி" என்றால் எப்படிங்க?

"அந்தக் காலத்துல எல்லாரும் நூறு வயசு இருந்தாங்க" என்று சொல்வதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டும். சுதந்திரம் வந்தபோது இந்தியாவில் சராசரி ஆயுள் சுமார் 32 வயது. இப்போது 70. 32 என்றால் எல்லாரும் 32இல் செத்தார்கள் என்று அர்த்தம் இல்லை. பிறந்த பிள்ளைகள் நிறைய இறந்ததால் சராசரி விழுந்தது. என் ஆயா பெற்றது ஒன்பது, தங்கியது நாலு. அந்த நாலில் ரெண்டு பேர் எண்பதைத் தாண்டினார்கள். நாம் அந்த ரெண்டு பேரைப் பார்த்து வம்சத்தைப் பாராட்டுகிறோம், மண்ணுக்குள் போன அஞ்சைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எண்ணூர், மணலி பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாக மணலியைச் சேர்த்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் அனல் மின் நிலையத்துச் சாம்பல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு முழுக்க எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி நடுராத்திரி உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பம் சனங்கள் மூச்சு முட்டி ஓடினார்கள். அந்த வயதானவர்கள் எப்படி ஓடியிருப்பார்கள்? பேத்திக்கு ஆயாவின் ரத்தம் வரும், ஆனால் ஆயா எழுபது வருஷம் முன்பு மூச்சுவிட்ட காற்று வராது. ஆகவே ஆயுசு கெட்டி என்று சொல்லி இருமலையும் மூச்சிரைப்பையும் விட்டுவிடாதீர்கள்.

பேசுகிற பேச்சு

இப்போது இரண்டாவது வார்த்தைக்கு வருவோம். "இனிமே எதைப் பாக்கப் போறாங்க."

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஒரு சின்ன ஊரில் 50 வயதைத் தாண்டிய 660 பேரிடம் முதுமையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வைத்தார்கள். "வயசாக ஆக நான் ஒண்ணுத்துக்கும் உதவாம போறேன்" என்று நினைத்தவர்கள் ஒரு பக்கம், "இன்னும் நம்மால முடியும்" என்று நினைத்தவர்கள் ஒரு பக்கம். 23 வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவில், நல்லபடியாக நினைத்தவர்கள் சராசரியாக ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடம்பு நன்றாக இருந்தவர்தானே நல்லபடியாக நினைப்பார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தோம் என்கிறார்கள். எனக்கு ஏழரை வருஷம் என்ற கணக்கில் கொஞ்சம் சந்தேகம் உண்டு, ஆனால் விஷயத்தில் சந்தேகம் இல்லை. தன்னை வேண்டாத கட்டையாக நினைப்பவள் மாத்திரை போடமாட்டாள், நடக்கமாட்டாள், கண் தெரியவில்லை என்று வாய் திறக்கமாட்டாள்.

காசிமேட்டில் பாருங்கள். எழுபது வயதைத் தாண்டியும் விடியற்காலையில் ஏலத்துக்கு வந்து கூடை எடுக்கும் ஆயாக்கள் இருக்கிறார்கள். வறுமைதான் காரணம், அதை நான் அழகாக்கிச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்களை வீட்டில் யாரும் "சும்மா உக்காரு கெழவி" என்று சொல்வதும் இல்லை, சுருக்குப் பையில் காசு இருக்கிறது. முட்டி வலியில் கூடையை இறக்கி வைத்த மறுமாதம் பேச்சு மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒக்கினாவாவில் இன்னொரு விஷயமும் உண்டு, நமக்கு ரொம்பப் பழக்கமானது. அங்கே "மோஐ" என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து மாதா மாதம் பணம் போட்டு, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் எடுத்துக்கொள்வது. நம்ம சீட்டு மாதிரிதான், நம்ம குழு மாதிரிதான். எண்பது, தொண்ணூறு வயதிலும் அந்தக் கிழவிகள் கூட்டத்துக்கு வருவார்கள். யாராவது வரவில்லை என்றால் மற்றவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். அவர்கள் நீண்ட நாள் வாழ்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? குழுவில் 60 வயது ஆனதும் சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்து, "போய் வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். இருபது வருஷம் சந்தா கட்டியவர், வங்கி மேனேஜர் முன்னால் தைரியமாக நின்றவர், மறுவாரம் முதல் வீட்டில். இது எனக்கு எப்போதும் சங்கடம்தான். தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தில் முதியோருக்குச் சிறப்புக் குழு அமைக்க வழி இருக்கிறது, 5 பேர் இருந்தாலே போதும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பக்கத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் முதியோர் சுய உதவிக் குழுக்களை ஆரம்பித்து நடத்திக் காட்டியது. அதே சுனாமியில் வீடிழந்து எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புக்கு வந்த நம் மீனவ ஆயாக்கள் ஏன் கூடக்கூடாது?

வயதானவர் ஒருத்தர், பார்த்துக்கொள்பவர் யார்?

ஆயுசு கெட்டியான குடும்பத்தில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. அங்கே ஒரு கிழவி இருக்கமாட்டாள், ரெண்டு பேர் இருப்பார்கள். எண்பத்தெட்டு வயது மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற மருமகளுக்கே அறுபத்தி ரெண்டு வயது, சர்க்கரை, இடுப்பு வலி. அடுத்த தெருவில் அவளுடைய அம்மா தனியாக. "என்னையே ஒருத்தர் பாத்துக்கணும்ங்க, நான் ரெண்டு பேரைப் பாத்துக்கறேன்" என்று ஒரு உறுப்பினர் சொன்னார். அவர் எப்போதாவது கோபத்தில் "எப்போதான் கண்ணை மூடுமோ" என்று சொன்னால் அவரைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தூக்கம் இல்லாதவள் பேசும் பேச்சு அது. அந்த வீட்டு ஆம்பிளைகள் யாராவது ஒரு ராத்திரி அந்தப் படுக்கைப் பக்கத்தில் படுத்திருப்பார்களா?

இந்த நிலை இனி கூடத்தான் போகிறது. 2021இல் தமிழ்நாட்டில் 100 பேரில் சுமார் 14 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2031இல் இது 18 ஆகும் என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் பெண்கள் அதிகம், அந்தப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கணவனை இழந்தவர்கள். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று திருக்கடையூருக்குப் போகிறோமே, அது ஜோடியாக இருப்பவர்களுக்கு. தாலி இல்லாமல் தனியாக எண்பதைத் தொட்ட ஆயாவுக்கு யார் மாலை போட்டார்கள்? நெய்ப்பந்தம் மட்டும்தான் அவளுக்கு வைத்திருக்கிறோம்.

உதவி இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. வருகிற பெண் தன்னார்வலர்கள் பலர் நம் மகளிர் குழுக்களிலிருந்து போனவர்கள்தான். இந்தியாவிலேயே முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு முதலில் வந்தது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், 1978இல். 2024 பிப்ரவரியில் கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். கண் புரைக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, 1819 முதல் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் புரை ஆபரேஷன் இலவசம், லென்சும் சேர்த்துத்தான். போக வர ஆட்டோ செலவும், துணைக்குப் போகிறவரின் இரண்டு நாள் கூலியும்தான் கையிலிருந்து. அந்த 30,000 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகியிருக்காது.

கண் தெரியாவிட்டால் என்ன, வீட்டிலேயே இருக்கட்டுமே என்று நினைக்கலாம். கண் தெரியாதவர்தான் ராத்திரி கக்கூஸ் போகும்போது விழுகிறார். வயதானவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பலபேர் பிறகு எழுந்திருப்பதே இல்லை. அப்புறம் குளிப்பாட்டுவதும் துடைப்பதும் யார் தலையில்? அதே மருமகள் தலையில்.

கைநாட்டு வைக்கும் முன்பு

ழான் கால்மெண்ட் அம்மா கதையைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அவருக்கு ஒரே மகள், 1934இலேயே இறந்துவிட்டாள். கணவர் 1942இல் போனார். ஒரே பேரனும் 1963இல் கார் விபத்தில் போனான். தொண்ணூறு வயதில் தனியாள். 1965இல் பத்திரம் எழுதும் ஒரு வக்கீல், வயது 47, அவரிடம் ஒப்பந்தம் போட்டார். "நீங்க இருக்கிற வரை மாசம் 2,500 பிராங்க் தர்றேன், உங்களுக்குப் பிறகு வீடு எனக்கு." கிழவி எத்தனை நாள் இருப்பாள் என்று கணக்குப் போட்டிருப்பார் போல. முப்பது வருஷம் கொடுத்தார். வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தும் வீடு கைக்கு வரவில்லை, 1995இல் அவரே இறந்துவிட்டார். அதன் பிறகும் அவருடைய மனைவி கட்டினார். கால்மெண்ட் அம்மா 1997 வரை அந்தப் பணத்தை வாங்கினார்.

சிரிப்பு ஒரு பக்கம். அந்த அம்மா வீட்டைக் கொடுத்தாலும், உயிரோடு இருக்கும் வரை மாதப் பணம் என்று எழுதி வாங்கினார். நம் ஆயாக்கள் என்ன செய்கிறார்கள்? மகன் "கையெழுத்து போடும்மா" என்றதும் தான செட்டில்மெண்டில் கைநாட்டு வைத்துவிடுகிறார்கள். பத்திரத்தில் "பாசத்தின் பேரில்" என்று இருக்கும், சாப்பாடு போடுவதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

2007இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள், வயது வந்த பேரப்பிள்ளைகள் பார்க்கவில்லை என்றால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவு போட முடியும். பிள்ளை இல்லாதவர்கள், தங்கள் சொத்தை அடையப் போகும் உறவினரிடம் கேட்கலாம். இதில் 23ஆம் பிரிவு முக்கியம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக் கொடுத்து, அவர்கள் பார்க்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யலாம், சொத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கவும் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிபந்தனை எழுதப்படாத பத்திரத்தில் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். ஆகவே எழுதும்போதே "என் ஆயுள் வரை சாப்பாடு, இருக்க இடம், வைத்தியம் பார்க்க வேண்டும், தவறினால் ரத்து" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மகனுக்குக் கோபம் வந்தால் வரட்டும். எழுத மறுக்கும் மகனிடம் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

முதியோர் உதவித் தொகை 1962இல் தமிழ்நாட்டில் மாதம் 20 ரூபாயில் ஆரம்பித்தது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. இ-சேவை மையத்தில் பதிவு செய்து, சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஏதாவது கொடுமை என்றால் முதியோர் உதவி எண் 14567, இலவசம். ஆயாவுக்கு போன் பண்ணத் தெரியாது என்றால் பக்கத்து வீட்டிலிருக்கும் நீங்களே பண்ணலாம்.

அந்தத் திருவொற்றியூர் குழுவில் காரியக் கடன் 30,000 கொடுத்தாகிவிட்டது, 20 மாதத் தவணை. அதே கூட்டத்தில் இன்னொன்றும் முடிவானது. உறுப்பினர் வீடுகளில் எழுபதைத் தாண்டியவர்கள் யார் யார், கண், காது, பிரஷர், பென்ஷன் வருகிறதா, வயது எந்த அட்டையில் என்ன என்று தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்கள். பதினாறு உறுப்பினர் வீடுகளில் பதினோரு பெரியவர்கள், அதில் ஒன்பது பேர் பெண்கள். நாலு பேருக்குப் புரை. அந்த நாலு பேரையும் ஒரே நாளில் எழும்பூருக்குக் கூட்டிப்போக ஒரு ஷேர் ஆட்டோ பேசியிருக்கிறார்கள். அதற்கான பணத்தைக் கடனாக எழுதுவதா, குழுவின் பொதுச் செலவாக எழுதுவதா என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.